வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டும் பிறக்கும் கதை: கள்ளவேட்டைப் பகுதியை நீக்கிவிடலாமா?

நாணற்புல்

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக எழுதிவரும் அறிவியல் புனைகதை ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது. ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். இங்கே வருபவர்களில் ஆய்வகத்தை அறிந்தவர்களும் காட்டை அறிந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

கதையின் விதை சூடான் என்ற காண்டாமிருகம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களில் கடைசி ஆண். 2018 மார்ச் 19 அன்று கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில், 45 வயதில், முதுமையாலும் ஆறாத புண்களாலும் எழுந்து நிற்க முடியாமல் போனதால் மருத்துவர்கள் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அதன் மகள் நாஜினும் பேத்தி ஃபாட்டுவும் மட்டும் மிச்சம். ஓர் உயிரினம் முழுவதும் ஒரே வேலிக்குள் நிற்கும் தாயும் மகளுமாகச் சுருங்கிவிட்டது என்ற எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

என் கதை 2058இல் நடக்கிறது. இரண்டும் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, உறையவைத்த செல்களிலிருந்து ஒரு கன்றை உருவாக்குகிறார்கள். அது வளர்ந்ததும் அதன் முன்னோர் வாழ்ந்த காங்கோவின் காரம்பா தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோகிறார்கள். கடைசிக் காட்சியில் உயர்ந்த புல்லுக்குள் நடந்து மறைகிறது. நடுவில் முப்பது பக்கம் கள்ளவேட்டைக் கும்பல் துரத்தும் பகுதி.

கையெழுத்துப் படியைப் படித்த நண்பர் ஒருவர், "கன்று பிறக்கும் இடத்தில் கண் கலங்கியது. வேட்டைக்காரர்கள் வந்ததும் மூடிவைக்கத் தோன்றியது. அந்த முப்பது பக்கத்தை எடுத்துவிடு" என்றார். எடுத்துவிடலாமா?

செங்கால்

எடுத்துவிடுங்கள். நானும் வாசகனாகத்தான் சொல்கிறேன். அழிந்த விலங்கு கண் திறக்கும் அந்தக் கணத்துக்காகத்தான் இப்படிப்பட்ட கதையை நான் கையில் எடுப்பேன். துப்பாக்கியும் ரத்தமும் செய்தித்தாளில் நாள்தோறும் இருக்கின்றன. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்துகிறான் என்று ஒரு கதையாவது மனம் நிறையச் சொல்லட்டும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று உங்கள் கதையைப் படித்துவிட்டு மரபியல் படிக்கப் போகலாம். அந்த முப்பது பக்கம் அதன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிவிடும்.

உறைபனி

நான் மரபியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். காண்டாமிருகங்களோடு பழக்கமில்லை, மீன்களோடுதான். ஆனாலும் வடக்கு வெள்ளைகளை ஆய்வகம் வழியாக மீட்கும் திட்டத்தைத் தொடக்கம் முதல் பின்தொடர்கிறேன். கள்ளவேட்டைப் பகுதி பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன் கதையின் ஆண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் 2058 வரை போக வேண்டியதில்லை. வேலை இப்போதே நடக்கிறது. 2019 ஆகஸ்டில் நாஜின், ஃபாட்டு இரண்டிலிருந்தும் கருமுட்டைகளை எடுத்தார்கள். இரண்டு டன் எடையுள்ள விலங்கின் சினைப்பையை வெளியிலிருந்து எட்ட முடியாது. மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து, மலக்குடல் வழியாக நீண்ட ஊசிக் கருவியைச் செலுத்தி, திரையில் படத்தைப் பார்த்தபடி முட்டைகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஊசி சற்று விலகினால் விலங்கு செத்துப்போகும். எடுத்த முட்டைகளை உடனே விமானத்தில் ஏற்றி இத்தாலியின் கிரெமோனா நகரிலுள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். சுனி, அங்காலிஃபு என்ற இரண்டு ஆண் காண்டாமிருகங்களின் உறைந்த விந்தைக் கொண்டு அங்கே கருவாக்குவார்கள். அவை இரண்டும் 2014லேயே இறந்துவிட்டன. இப்படி உருவான 30க்கும் மேற்பட்ட கருக்கள் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் காத்திருக்கின்றன.

அத்தனையும் ஃபாட்டுவின் முட்டைகளிலிருந்து வந்தவை. முதுமையையும் உடலில் கண்ட கட்டிகளையும் கருதி 2021இல் நாஜினை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஒரே தாயின் பிள்ளைகளை வைத்து ஓர் இனத்தை நிமிர்த்த முடியாது. அதனால்தான் இன்னொரு வழியையும் தேடுகிறார்கள். 2015இல் இறந்த நபீரே என்ற பெண் காண்டாமிருகத்தின் தோல் செல்களை, எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய குருத்தணுக்களாக மாற்றி, அவற்றை முட்டைக்கு முந்தைய நிலை வரை ஜப்பானிய விஞ்ஞானிகள் கொண்டுவந்துவிட்டார்கள். உறையவைத்த செல்களிலிருந்து கன்று என்று நீங்கள் எழுதியது இந்த இரண்டாம் வழி. உங்கள் கதையில் அது ஒரே இரவில் நடந்துவிடுகிறது. இதில் ஒரு தலைமுறை விஞ்ஞானிகளின் வாழ்நாள் போகும்.

ஸ்பெயினில் பிரனீஸ் மலைகளில் இருந்த காட்டாடு தெரியுமா? புக்கார்டோ என்பார்கள். வேட்டையாடி வேட்டையாடி ஒன்றே ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். செலியா என்று பெயரிடப்பட்ட அந்தப் பெண் ஆடு 2000 ஜனவரியில் மரம் விழுந்து இறந்தது. முந்தைய ஆண்டே அதன் காதிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து வைத்திருந்தார்கள். 2003இல் அதிலிருந்து ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் சரியாக உருவாகாததால் சில நிமிடங்கள் மூச்சுக்குத் திணறிச் செத்தது. அழிந்துபோன ஓர் உயிரினம் திரும்பி வந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் அமெரிக்க நிறுவனம் ஒன்று பனிக்கால ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்தபோது உலகமே பேசியது. அவை சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகுதியில் 20 இடங்களைத் திருத்திப் பெற்ற குட்டிகள். பழைய ஓநாய்க்கும் சாம்பல் ஓநாய்க்கும் இடையிலுள்ள வேறுபாடுகளின் முன் இருபது என்பது மிகச் சிறிய எண். வடக்கு வெள்ளையின் கதை அப்படிப்பட்டதன்று. தாய் தந்தை இரண்டு பக்கமும் அசல் ரத்தம். இந்த வேறுபாட்டை உங்கள் கதை தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆண்டைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஃபாட்டு 2000இல் பிறந்தது. நாஜின் 1989. இவை உயிரோடு இருக்கும்போதே ஒரு கன்றாவது பிறந்துவிட வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் குழு தவிக்கிறது. எப்படி மேய்வது, எப்படிச் சேற்றில் புரள்வது, அந்நியரைக் கண்டால் எந்த ஒலி எழுப்புவது என்பதெல்லாம் கருவில் எழுதப்பட்டு வருவதில்லை. கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொள்வது. 2058இல் பிறக்கும் உங்கள் கன்றுக்கு அதையெல்லாம் காட்டித்தர எவரும் இருக்க மாட்டார்கள்.

நாணற்புல்

உறைபனி அவர்களுக்கு மிக்க நன்றி. ஆண்டு வெறும் எண் என்று நினைத்துத்தான் 2058 என்று போட்டேன். ஃபாட்டு உயிரோடு இருக்கும் காலத்துக்குக் கதையை இழுத்தால் பாதிக்கு மேல் மாற்றி எழுத வேண்டும். செய்கிறேன்.

மலையடிவாரம்

என் அப்பா சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். தினக்கூலியாகத் தொடங்கியவர். முகாம் என்பது ஓர் அறை, சுற்றிலும் யானை அகழி. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகப் போகும். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். வீட்டுக்கு வந்தாலும் இரவில் இரண்டு முறை எழுந்து வாசலில் நின்று காது கொடுத்துவிட்டு வந்து படுப்பார்.

அவர் எனக்குக் காட்டித்தந்தது துப்பாக்கியை அல்ல, கம்பியை. இருசக்கர வண்டியின் கிளட்ச் கம்பியைச் சுருக்காக வளைத்து, மான் போகும் தடத்தில் கட்டியிருப்பார்கள். மானுக்கு வைத்ததில் சிறுத்தை சிக்கும், கரடி சிக்கும். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் அதைவிடக் கொடியது. பன்றிக்கு வைத்ததை யானைக் குட்டி கடித்து, தாடை சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும். அப்பா அப்படி ஒரு குட்டியின் பக்கத்தில் நான்கு நாள் இருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

நாணற்புல் அவர்களே, முப்பது பக்கத்தை எடுக்க வேண்டாம். ஆனால் உங்களைக் கேட்கிறேன்: அந்த முப்பது பக்கத்தில் காவலருக்கு எத்தனை வரி? கும்பல் ஹெலிகாப்டரில் வருகிறது, இரவில் பார்க்கும் கண்ணாடி அணிந்திருக்கிறது என்றெல்லாம் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியும் வருவார்கள். ஆனால் காவலுக்கு நிற்பவன் என்ன உண்டான், அவன் செருப்பு எப்படி இருந்தது, மழையில் எங்கே ஒதுங்கினான் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் நண்பருக்கு மூடிவைக்கத் தோன்றாது.

பழஞ்சுவடி

மலையடிவாரம் சொன்னதற்கு வரலாற்றிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். காரம்பாவை நீங்கள் கடைசிக் காட்சிக்கான புல்வெளியாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

1960களில் வடக்கு வெள்ளைகள் உகாண்டா, சாட், சூடான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ என ஐந்து நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போரும் கொம்பு வணிகமும் கைகோத்தன. ஏமனில் கத்திப் பிடி செய்வதற்கும் கிழக்காசியாவில் மருந்துக்கும் கொம்பு போயிற்று. கொம்பு என்பது கெரட்டின், நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதுவே. காய்ச்சலைக்கூடத் தணிக்காத அந்தப் பொருளை பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். 1984இல் காரம்பாவில் எஞ்சியவை 15 அளவில்தான்.

அதன் பிறகு நடந்ததை நான் எண்ணி எண்ணி வியக்கிறேன். காவலைப் பலப்படுத்தியதும், எந்த ஆய்வகமும் இல்லாமல், அந்தப் பதினைந்தும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் முப்பதாகப் பெருகின. அத்தனைக்கும் சுற்றிலும் போர் நடந்துகொண்டிருந்த காலம். 2003க்குப் பிறகு சூடான் பக்கத்திலிருந்து குதிரைகளில் ஆயுதக் கும்பல்கள் வந்தன. யானைகளையும் காண்டாமிருகங்களையும் சுட்டு, தந்தத்தையும் கொம்பையும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2005 தொடக்கத்தில், மிஞ்சியவற்றில் ஐந்தைப் பிடித்துக் கென்யாவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றும் திட்டத்துக்குக் காங்கோ அரசு முதலில் ஒப்புக்கொண்டது. நாட்டின் செல்வத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதா என்று அரசியல் எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் நின்றுபோனது. அதன்பின் கணக்கெடுத்தபோது கண்ணில் பட்டவை நான்கு. பிறகு அவையும் இல்லை.

ஐந்து விலங்குகளை ஏற்ற ஒரு விமானமும் ஒரு கையெழுத்தும் போதும் என்றிருந்த நாள் அது. இன்று கிரெமோனாவில் நுண்ணோக்கியின் கீழ் நடக்கும் அத்தனை பாடும் அந்த நாளில் தேவைப்பட்டிருக்காது.

அழிந்தபின் வருந்துவது நம் வழக்கமாகிவிட்டது. டாஸ்மேனியாவில் 1888 முதல் 1909 வரை, வளர்ந்த டாஸ்மேனியப் புலி ஒன்றைக் கொன்றால் ஒரு பவுண்டு என்று அரசே பரிசு கொடுத்தது. 2,184 பரிசுகள் வழங்கினார்கள். 1936 ஜூலையில் அதைப் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்று அறிவித்தார்கள். கடைசிப் புலி ஹோபார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் செப்டம்பர் 7 அன்று இறந்தது. இடையே 59 நாள்.

செங்கால்

பழஞ்சுவடி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். ஆனாலும் என் கருத்தை விட மாட்டேன். நடந்தது நடந்துவிட்டது. காரம்பாவில் 2005இல் விட்டதை இனிப் பிடிக்க முடியாது. கையில் இருப்பது கிரெமோனாவில் உறைந்திருக்கும் கருக்கள் மட்டுமே. அதையும் "அன்றே செய்திருக்கலாம்" என்ற பெருமூச்சோடுதான் பார்க்க வேண்டுமா? ஒரு குழந்தை பிறக்கும்போது அதன் பாட்டன் எப்படிக் கொல்லப்பட்டான் என்று தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசுவோமா?

பழஞ்சுவடி

கொன்றவன் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தால் பேசத்தான் வேண்டும்.

நான் ஆய்வகத்துக்கு எதிரி அல்லன். ஆனால் இதன் உடன்பிறப்பைப் பாருங்கள். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அது நூறுக்கும் கீழே, தென்னாப்பிரிக்காவின் உம்ஃபோலோசிப் பகுதியில் ஒரே ஒரு கூட்டமாக ஒடுங்கியிருந்தது. 1895இல் அந்த இடத்தைக் காப்புக்காடாக்கினார்கள். 1960களில் அங்கே பெருகியவற்றைப் பிடித்துப் பிற காடுகளுக்கும் நாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்று பதினையாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அசாமில் காசிரங்கா கதையும் ஏறக்குறைய இதுவே. 2022 கணக்கெடுப்பில் அங்கே மட்டும் 2,613 ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்கள். அந்த ஆண்டு அசாம் முழுவதிலும் ஒன்றுகூட வேட்டையாடப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, கருவூலங்களில் கிடந்த 2,479 கொம்புகளைப் பொதுமக்கள் முன்னிலையில் எரித்தார்கள்.

உயிர்ப்பித்தல் என்ற சொல்லை நான் இந்த இரண்டு இடங்களுக்கும் கொடுப்பேன். அங்கே எவருக்கும் மரபணுவைத் திருத்தத் தெரியாது. காவலுக்கு நின்றார்கள்.

தெற்கு வெள்ளைகளும் பாதுகாப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2007இல் கள்ளவேட்டையில் இறந்த காண்டாமிருகங்கள் 13. 2014இல் 1,215. ஏழே ஆண்டு.

உறைபனி

ஒரு சேதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாணற்புல் அவர்களின் கடைசிக் காட்சிக்கு இது முக்கியம். 2023 ஜூனில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 16 தெற்கு வெள்ளைகளைக் காரம்பாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வடக்கு வெள்ளைகள் அழிந்த அதே புல்லில் இன்று அவற்றின் உறவினர்கள் மேய்கின்றன. உங்கள் கன்று அங்கே போனால் வெறும் வெளிக்குள் நடந்து மறையாது. தன்னைப் போலவே இருக்கும், ஆனால் தன் இனம் அல்லாத ஒரு கூட்டத்தின் முன் போய் நிற்கும்.

கொட்டில்

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மாடுகளோடும் எருமைகளோடும் கழிந்தன. நாணற்புல் தம்பி, இதுவரை பேசியவர்கள் எவரும் ஒரு தாயைப் பற்றிப் பேசவில்லை.

நாஜினாலும் ஃபாட்டுவாலும் கருவைச் சுமக்க முடியாது. நாஜினுக்குப் பின்னங்கால்களில் வலு இல்லை, ஃபாட்டுவுக்குக் கருப்பையில் கோளாறு. எனவே தெற்கு வெள்ளைப் பெண் ஒன்றுதான் வாடகைத் தாய். காண்டாமிருகத்துக்குச் சினைக்காலம் ஏறத்தாழ பதினாறு மாதம். பசு ஒன்பது மாதம் சுமக்கிறது என்றே நாம் இரக்கப்படுகிறோம்.

2023 செப்டம்பரில் ஓல் பெஜெட்டாவில் குர்ரா என்ற தெற்கு வெள்ளைப் பெண்ணுக்குக் கருமாற்றம் செய்தார்கள். முறையைச் சோதித்துப் பார்க்கும் கட்டம் என்பதால் அரிய வடக்குக் கருவை வைக்காமல், தெற்கு வெள்ளையின் கருவையே வைத்தார்கள். எந்த நாளில் வைப்பது என்று தெரிவதற்காக, விந்து நாளத்தை அடைத்த ஓர் ஆணைக் கூட விட்டிருந்தார்கள். நம் ஊரில் பசு பருவத்துக்கு வந்ததைக் கண்டுபிடிக்கக் காளையை விடுவது போலத்தான். நவம்பரில் பெருமழை. வெள்ளம் மண்ணைக் கிளறியதில் அடியில் கிடந்த கிளாஸ்டிரிடியம் கிருமி மேலே வந்தது. முதலில் அந்த ஆண் செத்தது, பிறகு குர்ரா. உடலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே 70 நாள் கரு, ஆண், 6.4 சென்டிமீட்டர் நீளம், நல்ல வளர்ச்சி. சோதனைக் குழாயில் உருவான காண்டாமிருகக் கரு தாயின் வயிற்றில் பிடித்தது உலகில் அதுவே முதல் முறை. 2024 ஜனவரியில் அதை வெற்றி என்று அறிவித்தார்கள். அறிவியலுக்கு அது வெற்றிதான், மறுக்கவில்லை. அந்த மருத்துவர்களின் மேசையில் கிடந்தது இரண்டு பிணம். அன்று இரவு அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், வேறு கொட்டிலில், வேறு விலங்கின் பக்கத்தில்.

உங்கள் கதையில் கன்றைப் பெற்றவள் யார்? நீங்கள் எழுதிய சுருக்கத்தில் கன்று ஆய்வகத்திலிருந்து நேராகப் புல்வெளிக்கு வந்துவிடுகிறது. தன் இனம் அல்லாத ஒன்றைப் பதினாறு மாதம் சுமந்து, ஈன்று, நக்கி நிமிர்த்தி, பால் கொடுக்கப்போகிறவள் ஒருத்தி நடுவில் இருக்கிறாள். அவள் கொம்புக்கும் சந்தையில் விலை உண்டு. கள்ளவேட்டைக்காரன் வடக்கு, தெற்கு என்று பார்த்துச் சுடுவதில்லை.

மலையடிவாரம்

கொட்டில் ஐயா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன்.

2017 மார்ச்சில் பாரிஸ் நகருக்கு அருகே துவாரி விலங்குக்காட்சிச் சாலையில் புகுந்து, வின்ஸ் என்ற நான்கு வயதுக் காண்டாமிருகத்தைச் சுட்டுக் கொன்று, ரம்பத்தால் கொம்பை அறுத்துக்கொண்டு போனார்கள். ஐரோப்பாவின் நடுவில், சுவருக்குள், பூட்டுக்குள். வியட்நாமின் கடைசி ஜாவா காண்டாமிருகம் 2010இல் காத் தியென் பூங்காவில் காலில் குண்டோடும் கொம்பில்லாமலும் கிடந்தது. உங்கள் கன்று பிறந்த அன்றே உலகத்தின் எல்லாத் தொலைக்காட்சியிலும் அதன் முகம் வரும். அதன் கொம்புக்கு என்ன விலை பேசப்படும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் என்ன செய்வார்கள்? சூடானுக்குச் செய்ததைத்தான் செய்வார்கள். சுற்றிலும் துப்பாக்கிக் காவல் வைத்ததோடு, வேட்டைக்காரர்களுக்கு ஆசை வராமலிருக்க அதன் கொம்பையும் அறுத்துவிட்டார்கள். இது பலன் தருகிறது என்பதும் உண்மை. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பகுதிக் காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்தவற்றை ஆராய்ந்து 2025இல் ஒரு கட்டுரை வந்தது. கொம்பறுத்த காப்பகங்களில் கள்ளவேட்டை 78 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆனால் நகம் போல அது மீண்டும் வளரும். ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்து மறுபடியும் அறுக்க வேண்டும். அடிக்கட்டைக்காகவும் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மரபணுவைத் திருத்துவது பற்றி உறைபனி அவர்கள் எழுதியிருந்தார்கள். ஆய்வகம் வரும் முன்பே கள்ளவேட்டைக்காரன் அந்த வேலையைத் தொடங்கிவிட்டான். மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பத்தில் ஒன்பது யானைகளைத் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றார்கள். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் தந்தமில்லாத பெண்கள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் பாதி. தந்தம் உள்ளவை செத்தன, இல்லாதவை பெற்றன. அந்தத் தந்தமின்மையைத் தரும் மரபணு ஆண் கருவுக்கு வந்தால் அது வயிற்றிலேயே செத்துவிடுகிறதாம்.

நம் பக்கத்தில் ஆண் யானைக்கு மட்டும்தான் தந்தம். பெரியாறு காட்டில் கொம்பன்களைத் தேடித் தேடிச் சுட்டதில், ஒரு கட்டத்தில் வளர்ந்த பெண் யானைகள் நூறுக்கு ஆண் ஒன்று என்ற நிலைக்கு வந்தது. பல பெண் யானைகள் ஆண்டுக்கணக்கில் சினைப்படாமலே அலைந்தன. அங்கே துப்பாக்கி கொன்றது பிறந்தவற்றை மட்டும் அல்ல.

செங்கால்

நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், பாதியளவுக்கு. கன்று கண் திறக்கும் காட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் முப்பது பக்கத்தை எடுக்கச் சொன்னது தவறு. கொம்பை அறுப்பதைப் பற்றி மலையடிவாரம் எழுதியதிலிருந்து ஒரே கேள்வி மண்டைக்குள் சுற்றுகிறது. ஓர் இனத்தை மீண்டும் பிறக்கவைத்துவிட்டு, அதன் முகத்தில் அந்த இனத்துக்கு அடையாளமாக இருந்ததையே முதல் வேலையாக அறுக்க வேண்டியிருந்தால், அறுக்கிறவர் மனம் எப்படி இருக்கும்? நாணற்புல், இதை எழுதுங்கள். கும்பலை முன்னால் கொண்டுவராமலே கும்பல் அங்கே இருக்கும்.

நாணற்புல்

ஐந்து நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 2058 போய்விட்டது. ஹெலிகாப்டரும் போய்விட்டது. (மலையடிவாரம் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார், இருந்தது.) கதை இப்போது ஓல் பெஜெட்டாவில், ஃபாட்டு முதுமை அடைந்திருக்கும் காலத்தில் தொடங்குகிறது. கன்றுக்கு வயது மூன்று. சொல்பவர் இரவுக் காவலர். முதல் பக்கத்தை இங்கே வைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

"விடியும் முன் மருத்துவர் வந்துவிட்டார். கையில் ஊசித் துப்பாக்கி, பெட்டியில் ரம்பம். நான் இரவு முழுவதும் நின்ற காலோடு அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

கன்று கிழவியின் பக்கத்தில் படுத்திருந்தது. அதைப் பெற்றவள் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தாள். அவள் வேறு இனம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பசித்தால் அவளிடம் போகும். பயந்தால் கிழவியிடம் போகும். ஏன் அப்படி என்று மருத்துவரைக் கேட்டிருக்கிறேன். அவருக்கும் விடை தெரியவில்லை.

கிழவிக்குக் கொம்பு கிடையாது. நான் இந்த வேலைக்கு வந்த காலத்திலிருந்தே அங்கே வழுவழுப்பான ஒரு மேடு மட்டும்தான். அதைக் கம்பத்தில் தேய்ப்பாள். வலது பக்கம் இரண்டு முறை, இடது பக்கம் ஒரு முறை, பிறகு நின்று மூச்சுவிடுவாள். கன்று அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது. போன மழைக்காலத்திலிருந்து அதுவும் தேய்க்கிறது. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. அதன் கொம்பு என் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. கம்பத்தில் படும்போதெல்லாம் இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று அதற்குப் புரியவில்லை. பின்வாங்கிப் போய்க் கிழவியின் முகத்தைப் பார்க்கும், மறுபடியும் வந்து தேய்க்கும்.

மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'இன்று வேண்டுமா?' என்றார். என்னிடம் அதைக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. முந்தைய இரவு வடக்கு வேலி ஓரம் நாங்கள் கண்ட காலடித் தடங்களைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மூன்று பேர். ஒருவன் செருப்பில்லாமல் நடந்திருந்தான்.

அவர் ஊசியில் மருந்தை நிரப்பினார்."

மலையடிவாரம்

செருப்பில்லாதவனைப் பற்றி அடுத்த பக்கத்தில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அவனை அனுப்பியவன் அந்த வேலியைப் பார்த்திருக்கவே மாட்டான்.

கொட்டில்

தம்பி, நன்றாக இருக்கிறது. ஒரு சின்னத் திருத்தம். மயங்கி விழுந்ததும் முதலில் கண்ணைத் துணியால் மூடிக் கட்டுவார்கள், காதிலும் துணியைச் சுருட்டி அடைப்பார்கள். ரம்பச் சத்தம் கேட்டு மயக்கத்திலும் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக. அது முடியும் வரை ஒருவர் கழுத்தருகே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை உங்கள் காவலருக்குக் கொடுங்கள்.